அடுத்த வீட்டு மாடியில் நம் வீட்டு ஒயர்



கடந்த விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, பக்கத்து வீட்டு மாமியின் வலக்கை மணிக்கட்டில் மாவுக்கட்டு போடப்பட்டிருப்பதைக் கண்டேன். நலம் விசாரித்தேன். "முடுக்கில் பாசி வழுக்கிவிட்டது தம்பி, வேறொன்றுமில்லை" என்றார்கள். வீடுகளுக்கு இடையே பெண்கள் புழங்குவதற்கென்று விடப்பட்டிருக்கும் குறுகிய சந்தை எங்கள் பக்கத்தில் முடுக்கு என்போம். மழைக்காலத்தில் அங்கே பாசி படர்வது இயல்பு. ஆகவே நானும் நம்பிவிட்டேன்.

இரண்டு நாட்கள் கழித்து என் மகள்தான் உண்மையைச் சொன்னாள். மாமி விழுந்தது பாசியால் அன்று. எங்கள் வீட்டுக் கேபிள் ஒயரால்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சி இணைப்பு வாங்கியபோது, தெருவிலுள்ள பெட்டியிலிருந்து எங்கள் கூடத்துக்கு மிகக் குறுகிய வழி மாமி வீட்டு மொட்டை மாடியாக இருந்தது. அன்று மாமியின் கணவர் உயிரோடிருந்தார். என் வாப்பா அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்; அவரும் மனமுவந்து சம்மதித்தார். ஒயர் அவர்கள் மாடியைக் கடந்து, முடுக்கின் மேலாக இறங்கி, எங்கள் கூடத்துச் சன்னல் வழியே உள்ளே வந்தது. அந்த இருவரும் இன்று இல்லை. ஒயர் மட்டும் அங்கேயே இருந்தது.

இப்போது மாமி தம் இளைய மகளின் திருமணத்துக்காக மாடியில் ஓர் அறை எழுப்புகிறார்கள். வேலைக்கு இடைஞ்சலாக இருந்த எங்கள் ஒயரைக் கொத்தனார் கழற்றி, முடுக்குப் பக்கமாகத் தொங்கவிட்டுக் கட்டிவிட்டார். அது கழுத்துயரத்தில் கிடந்தது. மஃரிபுக்குப் பிறகு, மின்சாரம் தடைப்பட்டிருந்த ஒரு வேளையில் அவ்வழியே வந்த மாமி அதில் சிக்கி விழுந்தார்கள். எங்கள் மனம் வருந்துமே என்று எண்ணிப் பழியைப் பாசியின் மீது போட்டுவிட்டார்கள். என் வீட்டார் கேபிள்காரரிடம் மூன்று வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் 'நாளை, நாளை' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானோ வெளிநாட்டில் இருந்துகொண்டு, "இன்னொரு முறை போன் செய்து பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த மாவுக்கட்டுதான். நம் வீட்டுக்கு வரும் ஒயர் அடுத்தவரின் இடத்தில் தொங்கிக்கொண்டிருக்குமானால், அதை மாற்றியமைக்கும் கடமை கேபிள்காரருடையது அன்று, நம்முடையது. அதைச் செய்யும் திறமையும் நம் வீட்டிலேயே, நம் பிள்ளைகளின் கைகளிலேயே இருக்க வேண்டும். இதுவே என் கருத்து.

அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பதித்துக்கொள்வதை ஒருவர் தடுக்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி, அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. இது கட்டாயக் கடமை என்று அறிஞர்களில் சிலரும், விரும்பத்தக்கது. சுவருக்கு உரியவரின் சம்மதம் வேண்டும் என்று வேறு பலரும் கருத்துரைத்துள்ளார்கள். இந்தச் செய்தியை நாம் வசதியாக ஒரு பக்கத்திலிருந்தே படித்துப் பழகிவிட்டோம். அது சுவருக்கு உரியவரை நோக்கிச் சொல்லப்பட்டது. அவருடைய உள்ளத்தைத் தாராளமாக்குவதற்காகச் சொல்லப்பட்டது. கட்டையைப் பதிப்பவர் அதைத் தமக்குக் கிடைத்த பட்டாவாக எடுத்துக்கொள்ள முடியாது. மாமியின் வீட்டார் தம் பங்கைப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைவேற்றினார்கள். எங்கள் பங்கை நிறைவேற்ற நாங்கள் ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று மேடைகளில் கேட்கிறோம். அந்தத் தொல்லை நம் வீட்டுச் சன்னலிலிருந்தே புறப்பட்டால் அதை எத்தனை விரைவாக அகற்ற வேண்டும்!

சரி, வேலைக்கு வருவோம். நானும் என் மகளும் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் இதைச் செய்து முடித்தோம். செய்த முறையை விளக்கமாகவே எழுதுகிறேன்; படிப்பவர்களில் பத்துப் பேராவது செய்து பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில்.

முதலில், அந்த ஒயர் எப்படிப்பட்டது என்று அறிந்துகொள்ள வேண்டும். நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி வெண்ணிறப் பிளாஸ்டிக் நுரை. அதன்மேல் அலுமினியத் தாள். அதற்கும் மேல் மெல்லிய கம்பிகளால் பின்னிய வலை. எல்லாவற்றையும் மூடிய கறுப்பு உறை. நடுக்கம்பியும் வெளிவலையும் ஒரே அச்சைக் கொண்டிருப்பதால்தான் இதற்குக் கோஆக்சியல் என்று பெயர். ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர் 1880ஆம் ஆண்டிலேயே இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். சைகை நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடைப்பட்ட வெளியில் பயணம் செய்கிறது; வெளியிலிருந்து வரும் இரைச்சலை வலை தடுத்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒயரை ஆணியடித்து நசுக்கினாலோ, சுவர் மூலையில் மடக்கி ஒடித்தாலோ அந்தச் சீர் குலைகிறது. சைகையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. படம் கட்டம் கட்டமாகச் சிதறுவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் வீடுகளில் இன்று பெரும்பாலும் பயன்படுவது ஆர்ஜி-6 என்னும் வகை. சுமார் 7 மில்லிமீட்டர் பருமன் கொண்டது. 75 ஓம் அளவுடையது.

பாதையைத் திட்டமிடுவதுதான் இவ்வேலையின் பாதி. ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு முகப்புக் கைப்பிடிச் சுவரிலிருந்து, பக்கச் சுவர் வழியாகக் கூடம் வரை அளந்தோம். பழைய பாதை 20 மீட்டர். புதியது 28 மீட்டர். எட்டு மீட்டர் கூடினால் படம் மங்கிவிடுமோ என்று மகள் கேட்டாள். கேபிள் தொலைக்காட்சியின் உயர் அலைவரிசைகளில் இந்த வகை ஒயர் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் சைகையை இழக்கும். எட்டு மீட்டருக்கு ஒன்றரை டெசிபலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எப்போதோ இரண்டாவது தொலைக்காட்சிக்கென்று போட்டு, இன்று பயனின்றிக் கிடந்த ஸ்பிளிட்டர் ஒன்று எங்கள் கூடத்தில் இருந்தது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஏறத்தாழ மூன்றரை டெசிபலை, அதாவது சைகையில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். மறு வாயில் எதுவும் மாட்டாவிட்டாலும் விழுங்கும். அதை எடுத்துவிட்டோம். நீண்ட பாதையில் இழந்ததைவிட இதில் மீட்டது அதிகம். குறுக்கு வழியைத் தேடி அடுத்த வீட்டு மாடியில் ஏறியதற்கு உண்மையில் தேவையே இருந்திருக்கவில்லை.

பாதை தேர்வதில் நான்கு கவனங்கள் வேண்டும். மின்சார ஒயரோடு ஒட்டி இழுத்துச் செல்லக் கூடாது. ஒரு சாண் தள்ளியே செல்ல வேண்டும். கடந்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க வேண்டும். வளைவுகளை ஒரு தேநீர்த் தட்டின் விளிம்பைப் போல அகலமாக விட வேண்டும். அரை மீட்டருக்கு ஒன்றாகக் கிளிப் அடித்தால் போதும். கிளிப் ஒயரைத் தாங்க வேண்டுமே தவிர நசுக்கக் கூடாது. சுவரில் துளையிடும்போது வெளிப்புறம் தாழும்படி சரிவாகத் துளைக்க வேண்டும். ஒயர் அத்துளைக்குள் நுழைவதற்கு முன் சற்றே கீழே தொங்கி மேலேறும்படி ஒரு வளைவு விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

வேலை தொடங்குமுன் செட்டாப் பாக்ஸ், தொலைக்காட்சி இரண்டின் பிளக்கையும் உருவிவிட வேண்டும். டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். செட்டாப் பாக்ஸிலிருந்து 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதே ஒயர் வழியாக மேலேயுள்ள எல்என்பிக்குச் செல்கிறது. அணைக்காமல் வெட்டினால் பாக்ஸ் பழுதாகக்கூடும். பழைய ஒயரின் உலோக முனையைத் தொடுவதற்கு முன் டெஸ்டரால் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்தால் எங்கோ மின்கசிவு இருக்கிறது என்று பொருள். கையை எடுத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். இடி மின்னல் வேளையில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

இனி கனெக்டர். பழைய முனையை அப்படியே பயன்படுத்த முயல வேண்டாம். எங்கள் கடற்கரைக் காற்றில் வலைக்கம்பி கறுத்துப் பொடிந்திருந்தது. பளபளப்பான உலோகம் தென்படும்வரை வெட்டிக்கொண்டே வந்தோம். ஒரு முழம் போயிற்று. பிறகு முனையிலிருந்து 13 மில்லிமீட்டருக்குக் கறுப்பு உறையை மட்டும் உரித்தோம். வலைக்கம்பிகளை ஒன்று விடாமல் பின்னோக்கி உறையின் மேல் மடித்தோம். உள்ளேயிருக்கும் வெண்ணுரையில் நுனியிலிருந்து பாதியளவை, அதாவது 6 முதல் 7 மில்லிமீட்டரை, அலுமினியத் தாளோடு வெட்டி நீக்கினோம். மீதியுள்ள நுரையின்மேல் தாள் அப்படியே இருக்க வேண்டும். நடுக்கம்பியில் கத்தி படக் கூடாது. பல ஒயர்களில் அது முழுச் செம்பன்று. எஃகின் மேல் செம்புப் பூச்சு. உயர் அலைவரிசை மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால், அந்தப் பூச்சைச் சுரண்டினால் பாதையையே சுரண்டியதாகும்.

கனெக்டரை நேராகப் பிடித்து, உள்ளே பார்த்தால் வெண்ணுரை அதன் அடித்தளத்தோடு சமமாகத் தெரியும்வரை அழுத்தித் தள்ள வேண்டும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்புக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் சரி. கையால் திருகி ஏற்றும் கனெக்டரும் கடைகளில் கிடைக்கிறது. அவசரத்துக்கு உதவும், ஆனால் நாளடைவில் தளரும். கருவியால் அழுத்திப் பொருத்தும் வகையே உறுதியானது. அதற்கான கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு முடுக்குக்கு ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக ஒரு சோதனை. வலையின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் எல்லாம் வீண். படம் வராது, டிஷ் இணைப்பென்றால் எல்என்பிக்கு மின்சாரமும் போகாது. எனக்கு வெள்ளெழுத்து. மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன்; ஒன்றும் தெரியவில்லை. மகள்தான், "வாப்பா, இங்கே ஒரு முடி இருக்கிறது" என்று ஊசி முனையால் அந்த இழையை எடுத்தெறிந்தாள். அடுத்த கனெக்டரை முழுவதுமாக அவளே பொருத்தினாள். என்னுடையதைவிட அவளுடையது நேர்த்தியாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வெளியில் வெயிலும் மழையும் படும் இணைப்பின்மீது ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினோம். அப்போதுதான் ஒவ்வொரு சுற்றும் ஓடு வேய்ந்ததுபோல் நீரை வெளியே தள்ளும்.

தெருப் பெட்டியைத் தொடுவது நம் வேலையன்று. அது கேபிள்காரருடையது, அங்குள்ள கருவிகளில் மின்சாரமும் இருக்கலாம். மின்வாரியக் கம்பத்தின் பக்கமே போகக் கூடாது. நான் கேபிள்காரரை அழைத்து, "கைப்பிடிச் சுவர் வரை எல்லாம் ஆயத்தம், பெட்டியிலிருந்து அங்கே மாற்றி மாட்டினால் போதும்" என்றேன். மறுநாள் காலையிலேயே வந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்; பழைய ஒயரையும் சுருட்டி எடுத்துத் தந்தார். மூன்று வாரம் அவர் வராததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேருடன் ஊரெல்லாம் பார்க்கும் அவருக்கு, எங்கள் வீட்டில் அரைநாள் செலவிட நேரமில்லை. பத்து நிமிடம் இருந்தது. அவருக்குரிய கூலியைக் கொடுத்தேன். அவருடைய பிழைப்பைக் கெடுக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

சிலர் கேட்கக்கூடும்: தொலைக்காட்சி ஒயருக்காக இத்தனை பேச்சா? அதை அறுத்தெறிவதல்லவா வீட்டுக்கு நல்லது? அந்த விவாதத்தை நான் மறுக்கவில்லை. எதைப் பார்ப்பது, எவ்வளவு பார்ப்பது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அல்லாஹ்வுக்கு அஞ்சி முடிவு செய்யட்டும். ஆனால் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வித் தொலைக்காட்சியில் நம் பிள்ளைகள் பாடம் படித்ததும் இதே ஒயரில்தான். சில ஊர்களில் இணையம் வருவதும் இதில்தான். ஒருவேளை அறுத்தெறிவது என்றே முடிவு செய்தாலும், அறுத்த ஒயரைச் சுருட்டி எடுப்பது நம் பொறுப்பு. இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒயரை அடுத்தவர் மாடியிலேயே விட்டுவைத்திருக்கும் வீடுகள் நம் தெருக்களில் எத்தனை!

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பலவற்றில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் வேளையில் ஒரு மெக்கானிக் வருவதென்றால், காக்காவையோ மச்சானையோ அழைத்து உட்கார வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கத்தி, கருவி, அளவுகோல் ஆகிய மூன்றைக் கொண்டு செய்யக்கூடிய ஒரு வேலைக்காக இத்தனை ஏற்பாடு. தையலில் நூலிழை பார்த்துப் பழகிய கண்களுக்கும் விரல்களுக்கும் இந்த வேலை சற்றும் அந்நியமானதன்று. ஆண்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள், பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். ஏணியில் ஏறும் பகுதியை மட்டும் வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டு வேலையைத் தம் கைகளால் செய்வதில் கௌரவக் குறைச்சல் காண்போருக்கு நான் புதிதாக எதையும் சொல்லத் தேவையில்லை. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் வீட்டில் தம் ஆடையைத் தாமே தைத்தார்கள், தம் செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள் என்பதை ஆயிஷா (ரலி) அவர்களின் வாயிலாக நாம் அறிந்திருக்கிறோம். வேலையாளுக்கு அனுப்பப் பணம் என்னிடம் எப்போதும் இருந்தது. ஒரு மாலைப் பொழுதைத்தான் நான் கொடுக்கவில்லை. அதன் விலையை மாமியின் மணிக்கட்டு கொடுத்தது.

வேலை முடிந்ததும் சுருட்டிய பழைய ஒயரை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குச் சென்றேன். உண்மை எனக்குத் தெரியும் என்றேன். எங்கள் அனைவரின் சார்பிலும் மன்னிப்புக் கேட்டேன். மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்ள அனுமதி கேட்டேன். மாமி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உன் வாப்பா இருந்திருந்தால் அன்றைக்கே வந்து எடுத்திருப்பார் தம்பி" என்றார்கள். கடிந்து சொல்லவில்லை, நினைத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆயினும் அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

சகோதரர்களே, சகோதரிகளே! இன்று அஸருக்குப் பின் உங்கள் வீட்டை ஒருமுறை வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள். நம் வீட்டிலிருந்து புறப்படும் ஒயரும் குழாயும் எவர் மாடியில் கிடக்கின்றன, எவர் வழியில் தொங்குகின்றன என்று பாருங்கள். வாப்பாக்கள் காலத்தில் கேட்ட அனுமதியை மீண்டும் ஒருமுறை நேரில் கேளுங்கள். மாற்ற முடிந்ததைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மாற்றுங்கள். தொல்லை தந்த அண்டை வீட்டாரைப் பொறுத்துக்கொண்டு அதை மறைத்தும் பேசும் நல்ல மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமையை நாம் நம் வசதியாக்கிக்கொள்ளாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.

வஸ்ஸலாம்.